மூக்கில்லாதவள் வாங்கிய மூக்கு

என் மாமியாருக்கும் எனக்கும் நடந்த சண்டைகளில் பெரும்பாலும் அவர்தான் ஜெயித்தார். பாதியில் நான் அழுதுவிடுவேன், அல்லது என் வீட்டுக்காரர் நடுவில் வந்து எதையாவது சொல்லிக் கெடுத்துவிடுவார். முழுதாக, ஒரு சொல்கூட மிச்சமில்லாமல் நான் ஜெயித்தது ஒரே ஒரு சண்டைதான். அதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. அடக்கமாகச் சொல்லும் உத்தேசம் இல்லை.

சண்டை என் மூக்கைப் பற்றியது. மூக்கு முகத்தில் இருக்கிறது, மூக்குத்தியும் இருக்கிறது. வாசனைதான் தெரியாது. மகள் பிறந்த ஆறாம் மாதம் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. பத்து நாள் கழித்து எழுந்து காப்பி கலக்கிக் குடித்தேன், வெந்நீரில் சீனி போட்டதுபோல் இருந்தது. மல்லிகைச் சரத்தை மூக்கோடு வைத்து அழுத்தினேன், ஈரத் துணிபோல் இருந்தது. ஆஸ்பத்திரியில் நரம்பு என்றார்கள். திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார்கள். வரவில்லை.

வாசனை இல்லாமல் பினாங்கில் எப்படிக் குடும்பம் நடத்துவது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஜெலுத்தோங் பாசாரில் மீன் பக்கமும் பூப் பக்கமும் எனக்கு ஒன்றுதான். மீனை விரலால் அமுக்கிப் பார்த்து, செவுளைத் திறந்து பார்த்து வாங்கப் பழகினேன். பால் கெட்டுவிட்டதா என்பதைக் கொதிக்க வைத்துத்தான் தெரிந்துகொள்வேன். இதெல்லாம் போகட்டும். குளிப்பாட்டித் துவட்டிய மகளின் தலையை முகர்ந்தால் ஒன்றுமே வராது. அதற்கு மட்டும் பல நாள் அழுதிருக்கிறேன்.

மகளுக்கு நான்கு வயது நடந்தபோது ஒருநாள் பருப்பு கரிந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் பாயான் லெப்பாஸில் ஒரு எலெக்ட்ரானிக் ஃபேக்டரியில் காலை ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் திரும்பும் வரை பக்கத்து வீட்டு அக்கா மகளைப் பார்த்துக்கொள்வார். அன்று மதியம் வந்து, மகளைத் தூங்க வைத்து, அடுப்பில் பருப்பை வைத்துவிட்டுத் துணி காயப்போடப் போனேன். எங்கள் ஃபிளாட்டில் துணியை மூங்கில் கழியில் கோத்து, பின்பக்க ஜன்னலுக்கு வெளியே நீட்ட வேண்டும். நாலு கழித் துணி. நாலாவது கழியைச் செருகும்போது பக்கத்து வீட்டு அக்கா முன்கதவை உடைப்பதுபோல் தட்டினார்.

“கருகுற வாடை எங்க வீட்டு வரைக்கும் வருதுலா. நீ உள்ள என்னா பண்ற?”

ஓடிப் பார்த்தால் சமையலறையில் புகை மண்டிக் கூரை தெரியவில்லை. சட்டிக்குள் கரிதான் இருந்தது. அறையில் மகள் எழுந்து உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தாள். அந்த இருமல் சத்தம் என்னை இன்றும் விடவில்லை.

மாமியார் அப்போது நிபோங் திபாலில் என் நாத்தனார் வீட்டில் இருந்தார். செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்த்தது வேறு யார், அவர் பெற்ற மகன்தான். அடுத்த வெள்ளிக்கிழமை பஸ் ஏறி, ஃபெர்ரி ஏறி மாமியார் வந்துவிட்டார். ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். கரிந்த சட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மெதுவாகப் பேசினார்.

“ஒன் மேல தப்பு சொல்ல வரல. மூக்கு இல்லாதவ, நீ என்னா பண்ணுவ. ஆனா சின்னப் புள்ளைய வச்சிக்கிட்டு இது சரிப்படாது. தீபாவளி முடியட்டும், நான் கூட்டிட்டுப் போறேன். சனி ஞாயிறு நீங்க வந்து பாத்துக்குங்க.”

என் வீட்டுக்காரர் துறைமுக ஆபீசில் கிராணி, குமாஸ்தா வேலை. எந்தக் காகிதத்திலும் சட்டென்று கையெழுத்துப் போடாத மனிதர். “பாப்போம்மா” என்றார். அவர்கள் குடும்பத்து ஆண்கள் “பாப்போம்” என்றால் “சரி” என்று அர்த்தம்.

தீபாவளிக்கு நான்கு மாதம் இருந்தது. அதற்குள் நான் எங்கிருந்தாவது ஒரு மூக்கைக் கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் மகளை அனுப்ப வேண்டும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

வழி தலைக்கு மேலேயே இருந்தது. ஃபேக்டரிக் கூரையில் வரிசையாக வெள்ளை வெள்ளையாக, கவிழ்த்த இட்லித் தட்டுபோல் ஒட்டியிருக்கும். புகை வந்தால் கத்தும் அலாரம். ஆறு வருடம் அதன் கீழே உட்கார்ந்து வேலை பார்த்தவள், அன்றுதான் அண்ணாந்து ஒழுங்காகப் பார்த்தேன். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் வீட்டுக்குள் இதை மாட்டியவர்கள் யாரையும் நான் கண்டதில்லை. அதனாலென்ன, நான் முதல் ஆளாக இருந்துவிட்டுப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஃபேக்டரியில் என் வேலை சோதனை வரிசையில். நல்ல சாமானையும் கெட்ட சாமானையும் பிரிப்பதுதான் நாள் முழுவதும். ஆகவே எனக்குத் தெரியாததா என்ற திமிரில் யாரையும் கேட்காமல் கடைக்குப் போனேன். கடைக்காரரிடம் ஒரே ஒரு வகைதான் இருந்தது. வாங்கி வந்து, அடுப்புக்கு நேர் மேலே மாட்டினேன். கரிவது அடுப்பில்தானே, மூக்கும் அங்கேதானே இருக்க வேண்டும்.

கடுகு வெடித்தது, அது கத்தியது. காய்ந்த மிளகாய் கிள்ளிப் போட்டேன், கத்தியது. கருவாடு பொரித்த அன்று கத்திய கத்தலில் கீழ்மாடிச் சீனக் கிழவர் பனியனோடு மேலே ஓடி வந்தார். பக்கத்து வீட்டு அக்கா, “இன்னிக்கு ஒங்க வீட்ல என்னா கறின்னு நாங்க சத்தத்த வச்சே சொல்லிருவோம்” என்றார். என் வீட்டுக்காரர் மூன்றாம் நாள் அதற்கு ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டி ரப்பர் பேண்ட் போட்டுவிட்டார். வாய் கட்டிய நாய்போல் அது கூரையில் தொங்கியது.

அந்த நேரம் பார்த்து மாமியார் வந்தார். பையை அவரே அவிழ்த்து, மீன் குழம்பு தாளித்துப் பார்த்தார். அலாரம் கூச்சப்படாமல் கத்தியது.

“இது மூக்கு இல்ல, வாயி” என்றார். “ஏற்கெனவே இந்த வீட்ல ஒரு வாய் இருக்கு.”

வீட்டுக்காரர் சிரித்தார். நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. கோபம் அவர் மேலே பாதி, என் மேலே பாதி. ஃபேக்டரியில் ஒரு சாமானை என்னவென்று படிக்காமல் வரிசையில் ஏற்றினால் சூப்பர்வைசர் தோலை உரித்துவிடுவார். அதைத்தான் நான் வீட்டில் செய்திருந்தேன்.

மூன்றாம் நாள் ஃபேக்டரியில் மெஷின் பராமரிப்பு பார்க்கும் அண்ணனைப் பிடித்தேன். கூரை அலாரங்களைக் கழற்றித் துடைத்து மாட்டுபவர் அவர்தான். சாப்பாட்டு நேரத்தில் டிபன் கேரியர் மூடியை ஒரு அலாரமாகவும் அடித்தட்டை இன்னொரு அலாரமாகவும் மேசையில் கவிழ்த்து வைத்து எனக்கு விளக்கினார்.

“ரெண்டு ஜாதி இருக்கு தங்கச்சி. நீ வாங்குனது திகுதிகுன்னு எரியற தீக்குச் சீக்கிரம் கத்தும். ஆனா தாளிக்கிற ஆவிக்கும் கத்தித் தொலைக்கும். இன்னொண்ணு, உள்ளுக்குள்ள கனிஞ்சு கனிஞ்சு வருமே, அந்தப் புகைக்குச் சீக்கிரம் கத்தும். மெத்தை, துணி, சோபா, அந்த மாதிரி. வீட்டுக்கு அதான் பாத்து வாங்கணும். சமையக்கட்டுல மாட்டாதே. படுக்கிற ரூமுக்கு வெளிய மாட்டு.”

“அப்ப அடுப்புக்கு?”

“அடுப்புக்கு நீதான் முழிச்சிருக்கணும்” என்றார்.

அடுப்புக்கு நான் வேறு வழி செய்தேன். திருகிவிட்டால் மணியடிக்கும் சமையல் கடிகாரம் ஒன்றை வாங்கி, கயிறு கட்டி, தாலியோடு தாலியாகக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். அடுப்பைப் பற்றவைத்தால் அதைத் திருகாமல் நகர்வதில்லை. துணி காயப்போட்டாலும் சரி, குளிக்கப் போனாலும் சரி. அதற்குப் பிறகு என் கையால் ஒரு பருப்பும் கரியவில்லை, வேண்டுமானால் என் வீட்டுக்காரரைக் கேட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவது அலாரத்துக்கு டவுனில் நான்கு கடை ஏறினேன். லிட்டில் இந்தியாவில் மகளுக்குத் தீபாவளிச் சட்டை எடுக்கிற சாக்கில் கிளம்பி, சட்டை எடுக்காமல் எலெக்ட்ரிக் கடையாக ஏறி இறங்கினேன். பெட்டியில் பொடி எழுத்தில் இருந்ததையெல்லாம் நின்று படித்தேன். நான்காவது கடையில் நான் தேடியது கிடைத்தது. அதோடு விடவில்லை. பேட்டரி இல்லாவிட்டால் மூடி மூடக்கூடாது, அப்படி ஒன்று வேண்டும் என்றேன். பேட்டரியை யாராவது கழற்றி ரேடியோவில் போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும், அந்த யாராவது யார் என்பதும் தெரியும். பிறகு கடைக்காரரை அதன் பொத்தானை அமுக்கச் சொல்லிவிட்டு, நான் கடைக்கு வெளியே நடைபாதையில் போய் நின்றேன். பஸ்ஸும் மோட்டார் சைக்கிளும் போய்க்கொண்டிருந்தன. அத்தனை இரைச்சலிலும் காதைக் குத்தியது. அப்போதுதான் எடுத்துக்கொண்டேன். கடைக்காரர் மலாயில் ஏதோ முணுமுணுத்தார், நல்ல வார்த்தை இல்லை.

படுக்கையறைக் கதவுக்கு வெளியே, நடைவழிக் கூரையில் மாட்டினோம். ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். சோதிக்காத சாமானை நம்பி மகளை வைத்துக்கொள்ள நான் தயாராக இல்லை. தாளித்தேன், கத்தவில்லை. ஊதுவத்தி, கத்தவில்லை. அறை மூலையில் கொசுவத்தி, கத்தவில்லை. பால் டின்னில் பழைய துணியைப் போட்டுக் கனியவிட்டு அறைக்குள் வைத்தேன். கத்தியது. ஜன்னலைத் திறந்தேன், அப்போதும் கத்தியது. டின்னை வெளியே எடுத்துப்போன பிறகுதான் நின்றது.

பிறகு சாம்பிராணி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தணலில் சாம்பிராணி போட்டு வீடு முழுக்கக் காட்டாத தமிழ் வீடு எங்கள் ஃபிளாட்டில் கிடையாது. அதன் வாசனை எனக்குத் தெரியாவிட்டாலும் அந்தப் புகை ஜன்னல் வெளிச்சத்தில் சுருண்டு ஏறுவதைப் பார்த்தால்தான் எனக்கு வெள்ளிக்கிழமை. அலாரத்துக்காக அதை நிறுத்த மாட்டேன். சாம்பிராணிக்கு அது கத்தத்தான் செய்தது. ஒவ்வொரு வாரமும் கத்தியது. நான் நிறுத்த முயலவில்லை, அளந்தேன். கதவு ஜன்னலைத் திறந்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பேன். ஏழு வெள்ளிக்கிழமை எழுதி வைத்தேன். ஒருமுறைகூட அது மூன்று நிமிடத்தைத் தாண்டவில்லை.

இதைப் படித்துக் காட்டியபோது என் வீட்டுக்காரர், “நீ நோட்டு எழுது, அம்மா பேக்கு தூக்கிட்டு வரப்போறாங்க” என்றார்.

தீபாவளி முடிந்த இரண்டாம் வெள்ளிக்கிழமை வந்தார். பெரிய பை. மதியமே மகளின் சட்டைகளை மடித்து அதில் அடுக்கி, ஜிப்பை இழுத்து, கதவோரம் வைத்துவிட்டார். மறுநாள் காலை பஸ். நான் நோட்டை எடுத்து நீட்டினேன். கண்ணாடி கொண்டுவரவில்லை என்றார். கண்ணாடி அவர் தலையில் இருந்தது. நோட்டைத் திரும்ப அலமாரியில் வைத்தேன்.

சாயங்காலம் பேத்திக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினார். எங்கள் அறையில் தரையில் விரித்திருந்த இலவம் பஞ்சு மெத்தையில் அவளை உட்கார வைத்து, தூபக்காலைப் பக்கத்தில் வைத்து, ஈரத் தலையைப் பிரித்துப் பிரித்துச் சாம்பிராணிப் புகை காட்டினார். கரி படபடவென்று பொரிந்தது. மகள் தூக்கத்தில் சொக்கி அப்படியே சாய்ந்தாள். மாமியார் தூபக்காலைத் தூக்கிக்கொண்டு சாமி மாடத்துக்கும் வாசலுக்கும் காட்டக் கிளம்பினார். நடைவழியைத் தாண்டும்போது அலாரம் கத்தியது.

“ஆரம்பிச்சிருச்சுலா” என்றார் வீட்டுக்காரர். மாமியார் முந்தானையால் விசிறினார். நான் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். மாமியார் தூபக்காலைப் பின்பக்கம் கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றி அணைத்தார். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். ஹாலில் புகை கலைந்துவிட்டது, எதிர்ச்சுவர் தெளிவாகத் தெரிந்தது. மூன்று நிமிடம். அது நிற்கவில்லை.

“பேட்டரிய கழட்டுப்பா, தல வலிக்குது” என்றார் மாமியார்.

வீட்டுக்காரர் ஸ்டூலைப் போட்டு ஏறினார்.

“கழட்டாதீங்க” என்றேன்.

“சாம்பிராணிதானே. வாராவாரம் கத்துறதுதானே.”

“மூணு நிமிஷம் தாண்டிருச்சு.”

“எனக்கு மூக்கு இருக்கு” என்றார் மாமியார். “சாம்பிராணி வாசந்தான் வருது. வேற ஒண்ணும் இல்ல.”

நாலு நிமிடம். அவருக்கு மூக்கு இருந்தது, என் வீட்டுக்காரருக்கும் இருந்தது. இரண்டு மூக்கிலும் சாம்பிராணி நிறைந்திருந்தது. அந்த நேரத்தில் அந்த வீட்டில் ஒருவருக்கும் வாசனை தெரியவில்லை, என்னையும் சேர்த்து. ஆனால் எனக்கு மட்டும்தான் அது பழக்கம். நான் சாமானை நம்பினேன். அலாரத்துக்குப் பக்கத்தில் இருப்பது படுக்கையறைக் கதவு. உள்ளே போனேன்.

மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அறையில் மெல்லிய புகை, பார்த்தால் சாம்பிராணிப் புகைபோலத்தான் இருந்தது. ஜன்னல் திறந்திருந்தும் அது குறையவில்லை. மண்டியிட்டு மெத்தையைக் கையால் தடவிக்கொண்டே போனேன். தலைமாடு குளிர்ச்சி. நடுவில் குளிர்ச்சி. அவள் கால்மாட்டில், மெத்தை ஓரத்தில், கை சுட்டது. கடலை அளவில் ஒரு கறுப்பு ஓட்டை, தூபக்கால் பொறி தெறித்து விழுந்த இடம். அதிலிருந்து நூல்போல் புகை வந்துகொண்டிருந்தது.

மகளை வாரி எடுத்து வீட்டுக்காரர் கையில் போட்டேன். மெத்தையைத் தரையோடு இழுத்துக் குளியலறைக்குக் கொண்டுபோய்க் கத்தரியால் உறையைக் கிழித்தேன். மேலே கடலை அளவு, உள்ளே சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பஞ்சு செக்கச்செவேலென்று கனிந்துகொண்டிருந்தது. தொட்டித் தண்ணீர் முழுவதையும் வாளி வாளியாக மொண்டு ஊற்றினேன். பஞ்சைக் கிளறினேன், மறுபடி ஊற்றினேன். அது சீறியது. நான் அதைவிட அதிகமாகச் சீறினேன் என்று பிறகு வீட்டுக்காரர் சொன்னார். கடைசிச் சிவப்பும் கறுத்தபோது நடைவழியில் அலாரம் தானாக நின்றது.

வெளியே வந்தபோது தலை முதல் கால் வரை நனைந்திருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. சந்தோஷமாக இருந்தது. பயம் போன பிறகு வருகிற சந்தோஷம் மட்டும் இல்லை, ஜெயித்த சந்தோஷம். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. நாலு மாதம் அலைந்து, அளந்து, நோட்டு எழுதியவளுக்கு அது உரியது.

மாமியார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் தயார் செய்து வைத்திருந்த வசனங்கள் நிறைய இருந்தன. அவர் முகத்தைப் பார்த்ததும் அவற்றை ஒதுக்கிவிட்டு ஒரு துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினேன்.

“எனக்கு ஒண்ணுமே தெரியலியே” என்றார். “எல்லாம் சாம்பிராணி வாசமாத்தானே இருந்துச்சு.”

“எனக்கும் தெரியலத்தே. அதனாலதான் எண்ணுனேன்.”

மகன் கையில் இருந்த பேத்தியின் காலைத் தடவினார். பிறகு எழுந்து கதவோரம் போனார். பையின் ஜிப்பை இழுத்தார். மகளின் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, மடிப்புக் கலையாமல், அலமாரியில் பழைய இடத்திலேயே அடுக்கினார். வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். இந்த ஒருமுறையாவது சும்மா இருங்கள் என்று கண்ணால் சொன்னேன், இருந்தார்.

மறுநாள் காலை பஸ்ஸுக்குப் போகவில்லை. “அது விக்கிற கடைக்கு என்னைக் கூட்டிட்டுப் போ” என்றார். நான்காவது கடைக்குக் கூட்டிப்போனேன். என்னைக் கண்டதும் கடைக்காரர் பெருமூச்சு விட்டார். மாமியார் பெட்டியை வாங்கி, கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு, ஒரு எழுத்தும் புரியாமல் நாலு பக்கமும் பார்த்தார். பிறகு தாமே நடைபாதைக்குப் போய் நின்று, பொத்தானை அமுக்கச் சொல்லிக் கையை ஆட்டினார். பஸ் போனது, லாரி போனது. “கேக்குது” என்றார். என் மகளை ஏற்றிப்போக வந்த பெரிய பையில் அந்தச் சின்னப் பெட்டி மட்டும் ஃபெர்ரி ஏறியது.

அடுத்த வெள்ளிக்கிழமை விளக்கேற்றிய நேரத்தில் போன் அடித்தது. எடுத்தால் மாமியார். பின்னால் அலாரம் வீறிட்டுக்கொண்டிருந்தது. “வைக்காத, இரு” என்றார். நான் காத்திருந்தேன். சத்தம் நின்றது.

“ரெண்டரை நிமிஷம்” என்றார். “ஒங்க வீட்ட விட சீக்கிரம். எழுதிக்க.”

நான் நோட்டில் அவருக்கென்று ஒரு புதுப் பக்கம் திருப்பி, எழுதிக்கொண்டேன்.